என்ஜின் ஆயில் கசிவு: சென்னையில் குறைந்த செலவில் சரியான உதிரிபாகம் வாங்க முழுமையான வழிகாட்டி

காருக்கு அடியில் ஆயில் சொட்டுகிறது என்று தெரிந்ததும் பலர் நேராகப் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய படி, அதுவும் எல்லாருக்கும் தேவைப்படாது. கசிவை நிறுத்தும் பாகங்களில் பெரும்பாலானவை ரப்பர் வளையங்களும் (சீல், ஓ-ரிங்), இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் வைக்கும் பேக்கிங்குகளும்தான். சிறிய கார்களுக்கு அவற்றின் விலை சில நூறு ரூபாயைத் தாண்டுவது அரிது. தவறான பாகத்தை வாங்குவதிலும், ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுப்பதிலும்தான் பணம் கரைகிறது. அதனால் கடைவீதிக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஆர்.சி. அட்டையின் படம் கைபேசியில் இருக்கட்டும். அதில் உள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும்தான் உங்கள் வண்டியின் உண்மையான அடையாளம். பானெட்டின் மேல் ஒட்டிய பெயர் அல்ல.

அதோடு ஒரு நல்ல டார்ச், ஒரு எஃகு ஸ்கேல், முடிந்தால் விட்டத்தை நுட்பமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர், பெரிய அட்டைப் பெட்டி ஒன்று, கொஞ்சம் டால்கம் பவுடர். வண்டிக்கு அடியில் நுழைவதாக இருந்தால், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

2. ஒழுகுவது ஆயில்தானா?

அட்டைப் பெட்டியைப் பிரித்து, இரவு முழுவதும் என்ஜினுக்குக் கீழே விரித்து வையுங்கள். முன் சக்கரங்கள் நிற்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறியுங்கள். காலையில் கறை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தூண் தளத்தில் வண்டி நிறுத்துபவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு: தரையில் கறை என்று சங்கத்திலிருந்து யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

பழுப்பு அல்லது கருப்பு நிறம், விரலில் வழுவழுப்பு என்றால் என்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில், லேசான இனிப்பு வாசனையோடு இருந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அப்படியானால் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நிறமற்ற வெறும் தண்ணீர் ஏ.சி.யிலிருந்து சொட்டுவது. சென்னைப் புழுக்கத்தில் அது நிறையவே சொட்டும், பழுது அல்ல.

3. கழுவிவிட்டு மேலிருந்து தேடுங்கள்

புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சேம்பர் முழுவதும் நனைந்திருக்கும், கசிவோ மேலே என்ஜினின் உச்சியை மூடும் டேப்பட் கவரில் இருக்கும். சேம்பர் பேக்கிங்கை மாற்றிவிட்டு, மறுநாளும் சொட்டுகிறதே என்று திகைப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் டிகிரீசர் தெளித்து, தூரிகையால் தேய்த்து, துடைத்துக் காயவிடுங்கள். ஆல்டர்னேட்டர், மின் இணைப்புகள் மேல் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். பெட்ரோலால் கழுவவே கூடாது, தீப்பிடிக்கும்.

காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரைத் தூவி, பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயிலின் பாதை கோடு போட்டதுபோல் தெரியும். அந்தக் கோட்டின் உச்சிதான் கசிவின் தொடக்கம். எங்கே ஈரம் மிக மேலாகவும் மிக முன்னாலும் இருக்கிறதோ, அந்த இடத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

மேலிருந்து கீழாகப் பார்க்க வேண்டிய வரிசை இது: ஆயில் ஊற்றும் மூடி, டேப்பட் கவரின் ஓரங்கள், ஸ்பார்க் பிளக் குழிகள், கேம் சென்சாரின் ஓ-ரிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர், டைமிங் கவர் (டைமிங் பெல்ட்டை அல்லது சங்கிலியை மூடுவது), முன்பக்க கிராங்க் சீல் (என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்), சேம்பர், டிரெயின் போல்ட் (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுவது). என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் சொட்டினால் பின்பக்க கிராங்க் சீலாகவோ, கியர்பாக்ஸின் உள்தண்டு சீலாகவோ இருக்கலாம். அதைச் சொல்வது ஆயிலின் வாசனை. இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றாலும், வாங்க வேண்டிய சீல் வேறு.

ஆயில் பிரஷர் சுவிட்சையும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் குறிப்பாகச் சொல்கிறேன். மிக மலிவான இந்த இரண்டையும் யாரும் முதலில் சந்தேகப்படுவதில்லை. சுவிட்சின் மின் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள்; உள்ளே ஆயில் இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

4. சீல் வாங்கும் முன் பி.சி.வி. வால்வு

என்ஜினுக்குள் உருவாகும் வாயு அழுத்தத்தை வெளியேற்றும் வழி பி.சி.வி. வால்வு. அது அடைத்துக்கொண்டால் அழுத்தம் எங்காவது வெளியேறத்தானே பார்க்கும்? எங்கே ரப்பர் பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடங்களில் கசிந்தால் முதல் குற்றவாளி இதுதான்.

பெட்ரோல் என்ஜினை மிதமாக ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயின் மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் லேசாக உள்ளே இழுக்கப்பட வேண்டும். வெளியே புகையோடு தள்ளினால் வால்வையும் அதன் குழாயையும் சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். அதற்குப் பிறகும் தள்ளினால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். அந்த என்ஜினில் புது சீல் போடுவது பணத்துக்குக் கேடு.

5. முதலில் கூலியைக் கேளுங்கள், பிறகு தரத்தை முடிவு செய்யுங்கள்

எல்லாப் பாகத்துக்கும் ஒரே விதி இல்லை. பாகத்தின் விலையை வைத்து அல்ல, அதை எட்டுவதற்கு ஆகும் கூலியை வைத்துத்தான் எந்தத் தரம் வாங்குவது என்று முடிவெடுக்க வேண்டும்.

பின்பக்க கிராங்க் சீல் ஒரு சிறிய வளையம். ஆனால் அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச்சைக் கழற்ற வேண்டும். அங்கே போய் லோக்கல் சீல் போட்டு நூறு இருநூறு மிச்சம் பிடித்தால், அது ஒழுகும் நாளில் மொத்தக் கூலியும் மறுபடி எழுதப்படும். முன்பக்க கிராங்க் சீல், கேம் சீல் (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் சீல்), ஹெட் பேக்கிங் (என்ஜின் பிளாக்கும் மேலே உள்ள ஹெட்டும் சேரும் இடத்தில் இருப்பது) ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான். இவற்றில் வண்டிக் கம்பெனியின் ஒரிஜினலோ, கம்பெனிக்கே சப்ளை செய்யும் தரமுள்ள உற்பத்தியாளரின் பெட்டியோ மட்டும் வாங்குங்கள்.

மாறாக, டேப்பட் கவர் பேக்கிங் பல பெட்ரோல் கார்களில் பத்துப் போல்ட்டுகளுக்குள் கழன்று வந்துவிடும். ஆயில் ஃபில்டர், டிரெயின் வாஷர், சென்சார் ஓ-ரிங் ஆகியவையும் எளிது. இங்கே இரண்டாம் நிலைப் பிராண்டை வாங்கிச் சோதித்துப் பார்ப்பதில் பெரிய இழப்பில்லை. அப்போதும் பெயரே இல்லாத பாலித்தீன் பை சரக்கை நான் தொடுவதில்லை.

கூலி கேட்கும்போதே இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: "பாகத்தை நானே வாங்கி வந்தால் மாட்டித் தருவீர்களா? மறுபடி ஒழுகினால் கூலி யார் பொறுப்பு?" சில மெக்கானிக்குகள் வாடிக்கையாளர் கொண்டுவரும் பாகத்துக்கு உத்தரவாதம் தர மாட்டார்கள். அது நியாயமும்கூட. பேச்சு முன்பே முடிந்துவிட்டால் பிறகு மனக்கசப்பு இல்லை.

கழற்றும் வேலையைச் சேர்த்துச் செய்வதிலும் மிச்சம் இருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றும் நேரம் வந்துவிட்டதா? கேம் சீலையும் முன்பக்க கிராங்க் சீலையும் அதோடு போட்டுவிடுங்கள். ஆயில் பட்ட பெல்ட் சீக்கிரம் கெட்டுப்போகும் என்பதால் இது இரட்டை லாபம். கிளட்ச் போடும்போது பின்பக்க சீலையும் மாற்றலாம். சொட்டு மிகக் குறைவு, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் குச்சியில் அளவு குறையவில்லை என்றால், அந்த வேலை வரும்வரை காத்திருப்பது சோம்பேறித்தனம் ஆகாது.

6. பாக எண்ணைக் கண்டுபிடியுங்கள்

கடையில் "ஸ்விஃப்ட் டேப்பட் கவர் பேக்கிங் கொடுங்கள்" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் என்ன எடுத்துத் தருவார்? 2005-இல் வந்த ஸ்விஃப்ட்டில் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜின். 2007-இல் 1.3 லிட்டர் டீசல் வந்தது. 2010-இல் 1.2 லிட்டர் கே வரிசை பெட்ரோல் என்ஜின், 2021-இல் டூயல்ஜெட் என்ஜின், 2024-இல் மூன்று சிலிண்டர் என்ஜின். ஒரே பெயரில் ஐந்து பேக்கிங்.

சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தின் உதிரிபாகக் கவுண்டரில் சரியான பாக எண்ணைப் பார்த்துச் சொல்வார்கள், விலையையும் கேட்டுக்கொள்ளலாம். பூட்மோ போன்ற இணைய விற்பனைத் தளங்களிலும் மாடல் வாரியாகப் படத்தோடு பாக எண்கள் கிடைக்கும். இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தால் நம்பலாம். வேறுபட்டால் பழைய பாகத்தைக் கழற்றாமல் எதையும் வாங்காதீர்கள். பாக எண்கள் காலப்போக்கில் மாற்றப்படுவதும் உண்டு, "இந்த எண்ணுக்குப் பதிலாக இப்போது எந்த எண்?" என்று கவுண்டரில் கேளுங்கள்.

என்ஜினின் வம்சாவளி தெரிந்தால் விலையில் இன்னும் இறங்கலாம். ஸ்விஃப்ட்டில் இருந்த 1.3 டீசல், ஃபியட் வடிவமைத்தது. அதே குடும்ப என்ஜின் டிசையர், ரிட்ஸ், டாடாவின் விஸ்டா, ஃபியட் புன்டோ, லீனியா ஆகியவற்றிலும் ஓடியது. ஒரே சீல் வெவ்வேறு கம்பெனிப் பெட்டிகளில் வெவ்வேறு விலையில் கிடைக்கலாம். ஆனால் சேம்பர், பிராக்கெட் போன்றவை வண்டிக்கு வண்டி மாறும். அதனால் இந்த உத்தியை அளவு ஒத்துப்போகும் சீல், பேக்கிங் வகைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. எந்தப் பொருளுக்கு எந்தக் கடை

கம்பெனி ஒரிஜினலுக்கு சர்வீஸ் நிலையக் கவுண்டர் அல்லது அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர். இங்கே பொதுவாக எம்.ஆர்.பி. விலைதான். பின்பக்க சீல், ஹெட் பேக்கிங் போன்றவற்றுக்கு அந்த விலை தகும்.

புதிய உதிரிபாகங்களுக்கு அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஜி.பி. ரோடு என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். எல்.ஐ.சி. மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்; காரில் போனால் நிறுத்த இடம் தேடியே பொறுமை போய்விடும். டால்ப்ராஸ், எல்ரிங் பேக்கிங், என்.ஓ.கே., எஸ்.கே.எஃப்., கார்ட்டெகோ சீல் என்று பிராண்டின் பெயரோடும் பாக எண்ணோடும் கேளுங்கள். கேட்டால் எம்.ஆர்.பி.யில் கொஞ்சம் குறைப்பதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமையை நம்பிப் போகாதீர்கள்.

அளவை வைத்து வாங்கக்கூடிய ஆயில் சீல், ஓ-ரிங்குகளுக்குப் பாரிமுனைப் பக்கம் உள்ள பேரிங், ஆயில் சீல் கடைகள். பழைய சீலின் முகத்திலேயே 35×50×8 என்பதுபோல் எழுதியிருக்கும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். எழுத்து அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

அளவு பொருந்தினால் போதாது. ரப்பரின் வகையையும் பாருங்கள். என்.பி.ஆர். என்ற சாதாரண வகை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வரைதான் நிம்மதியாகத் தாங்கும், எஃப்.கே.எம்., அதாவது வைட்டான் வகை 200 டிகிரி அளவுக்குத் தாங்கும். அண்ணா நகர் ரவுண்டானாவில் சித்திரை வெயிலில் ஊர்ந்து நிற்கும் என்ஜினுக்கு எது தேவை என்று தனியாகச் சொல்ல வேண்டாம். சீலின் மேல் அம்புக்குறி இருந்தால் அது தண்டு சுழலும் திசை. எதிர்த்திசை சீல் அளவில் அச்சாகப் பொருந்தும், ஆனால் ஒழுகும்.

8. பணம் கொடுக்கும் முன் கவுண்டரில்

பழைய பேக்கிங்கைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுபோய்க் கவுண்டரில் விரித்து, புதியதை அதன்மேல் வையுங்கள். நெளிவுகள், போல்ட் துளைகள், மூலைகளில் உள்ள சிறு நாக்குகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். பழையது வெப்பத்தில் சற்றுச் சுருங்கியிருக்கும் என்பதால் நீளத்தில் சிறு வேறுபாடு தெரிவது இயல்பு. துளை இடம் மாறியிருந்தால் "இழுத்து மாட்டினால் உட்கார்ந்துவிடும் சார்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

புதிய ரப்பரை விரலால் லேசாக மடித்து விடுங்கள். மடித்த இடத்தில் வெளிறிய கோடோ வெடிப்போ தெரிந்தால் அது பல வருடம் அலமாரியில் கிடந்த சரக்கு. பெட்டியில் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், பாருங்கள். எழுத்து மங்கிய அச்சு, ஒட்டுத்தாளின் மேல் இன்னொரு ஒட்டுத்தாள், ஹோலோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பளபளப்புத் தாள் ஆகியவை போலியின் அடையாளங்கள். ஒரிஜினல் என்று சொல்லிப் பாதி விலைக்குக் கொடுத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

டேப்பட் கவர் பேக்கிங் வாங்கும்போது பிளக் குழிச் சீல்களும் போல்ட் வாஷர்களும் அதே பெட்டியில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தனியாகச் சேர்த்து வாங்குங்கள். கவரை மறுபடி கழற்றுவதைவிட அது மலிவு.

ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில்லைக் கேட்டு வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு வரி 18 சதவீதம். அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 சதவீதம் இருந்தது. பழைய எம்.ஆர்.பி. அச்சிட்ட பெட்டியைக் காட்டினால், குறைந்த வரிக்கேற்ற விலையைக் கேளுங்கள். திருப்பித் தர முடியுமா என்பதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். உறையைப் பிரித்த பேக்கிங்கைப் பெரும்பாலும் யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

9. புதுப்பேட்டையில் என்ன வாங்கலாம், என்ன வாங்கக் கூடாது

எழும்பூரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இந்தச் சந்துகளில் பழைய வண்டிகளிலிருந்து பிரித்த பாகங்கள் மலையாகக் கிடக்கும். உலோகப் பாகத்துக்கு நல்ல இடம். வேகத்தடையில் இடித்து நசுங்கிய சேம்பர், விரிசல் விட்ட டேப்பட் கவர், டைமிங் கவர், பிராக்கெட், கிடைக்காத போல்ட் போன்றவற்றைப் புதிதாக வாங்கும் விலையோடு ஒப்பிட்டால் இங்கே நல்ல மிச்சம்.

பழைய சீல், பேக்கிங், ஓ-ரிங், ரப்பர் குழாய், டைமிங் பெல்ட் ஆகியவற்றை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். ஒருமுறை அழுந்திச் சூடு கண்ட ரப்பர் மீண்டும் அதே மாதிரி உட்காராது.

கவரையோ சேம்பரையோ எடுத்ததும் பேக்கிங் உட்காரும் விளிம்பைத் துணியால் துடைத்துவிட்டு, எஃகு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி வைத்து, பின்னால் டார்ச்சைப் பிடியுங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் விளிம்பு வளைந்திருக்கிறது. சேம்பராக இருந்தால் டிரெயின் போல்ட்டைக் கேட்டு வாங்கிக் கையாலேயே திருகிப் பாருங்கள். பாதியில் இறுகினாலோ ஆடினாலோ மரை கெட்டுவிட்டது. வெல்டிங் அல்லது எம்-சீல் பசை பூசிய தடம் இருக்கிறதா என்று உள்பக்கமும் பாருங்கள். மேலே புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எண் அரைத்து அழிக்கப்பட்ட எந்தப் பாகத்தையும் தொடாதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி பிறகு உங்கள் பக்கம் திரும்பும். இங்கே பேரம் உண்டு; முதலில் சொல்லும் விலை பேச்சைத் தொடங்குவதற்கு மட்டுமே. புதிய பாகத்தின் எம்.ஆர்.பி. உங்கள் கைபேசியில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

10. மாட்டும்போது வீணாகும் இடங்கள்

நல்ல பாகம் வாங்கியும் ஒழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் அழுக்கு விளிம்பும் அதிக இறுக்கமும்தான். பழைய பேக்கிங்கின் துணுக்குகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். அலுமினியத்தில் இரும்புக் கத்தி கீறல் போட்டால் அந்தக் கீறலே அடுத்த கசிவு. இரண்டு முகங்களும் எண்ணெய்ப் பசையில்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

அனபாண்ட் போன்ற சிலிக்கான் சீலன்ட்டைப் பேக்கிங் முழுவதும் அப்ப வேண்டாம். டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் மூலைகளில் சிறு பொட்டு போதும். உள்ளே பிதுங்கும் துண்டுகள் ஆயிலில் விழுந்து, சேம்பரில் ஆயிலை வடிகட்டும் ஸ்டிரெய்னரை அடைத்துவிடும். அடைத்தால் ஆயில் அழுத்தம் போய் என்ஜினே போகும்.

போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். பல டேப்பட் கவர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். உங்கள் வண்டியின் சரியான அளவை சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் பிதுங்கும், பிளாஸ்டிக் கவர் வெடிக்கும். டிரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது வாஷர்.

சீலின் சுருள்கம்பி தெரியும் பக்கம் ஆயில் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும். சாதாரண ரப்பர் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி மாட்டுங்கள். டெஃப்லான் உதடுள்ள சீலை மட்டும் உலர்வாகவே மாட்ட வேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

11. மாட்டிய பிறகு

சீலன்ட் பயன்படுத்தியிருந்தால், டப்பாவில் வேறு நேரம் சொல்லியிருந்தாலொழிய, ஒரு நாள் விடுங்கள். பிறகு ஆயில் ஊற்றி, டிப்ஸ்டிக்கின் இரண்டு குறிகளுக்கு இடையே அளவு இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் விசிறி ஒருமுறை சுற்றி நிற்கும்வரை என்ஜினை ஓடவிட்டு, டார்ச்சால் சுற்றிலும் பார்த்துவிட்டு, அட்டையை மறுபடி விரியுங்கள். இடுக்குகளில் தங்கிய பழைய ஆயில் சில நாள் சொட்டலாம். பதற வேண்டாம், துடைத்துவிட்டுக் கவனியுங்கள்.

கழித்த ஆயிலை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். பழைய கேனில் அடைத்து மெக்கானிக் கடையில் கொடுத்தால் அவர்களே மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுவார்கள்.

மாற்றிய அதே இடத்தில் புது ஆயில் தெரிந்தால் உடனே இன்னொரு சீல் வாங்கக் கிளம்பாதீர்கள். பி.சி.வி. வால்வை மறுபடி பாருங்கள். தண்டில் சீல் உதடு உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் பள்ளத்தில் சிக்கினால் தண்டு தேய்ந்திருக்கிறது. எத்தனை சீல் போட்டாலும் ஒழுகும். சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி அமர்த்த இடமிருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். இடமில்லை என்றால் தேய்ந்த இடத்தின்மேல் மாட்ட, அந்தத் தண்டின் அளவுக்கு மேலுறை வளையம் இருக்கிறதா என்று சீல் கடையில் கேளுங்கள்.